வேலை நேரத்தைக் கணக்கில் வைக்க: சூப்பர் புரொடக்டிவிட்டி

வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறேன். ஒரு புத்தகத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டார்கள். குத்துமதிப்பாக 12 என்று சொல்லிக் கூலி பேசிவிட்டேன். அடுத்து அதே அளவில் வந்த புத்தகத்துக்கு நேரத்தைக் குறித்துவைத்துப் பார்த்தால் 19 மணி நேரம். அன்றிலிருந்து இந்தச் செயலியைத் திறக்காமல் வேலையில் உட்காருவதில்லை.

சூப்பர் புரொடக்டிவிட்டி, வேலைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துவைக்கும் செயலி. எம்ஐடி உரிமத்தில் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் உரிமம்) கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும். பெயர், மின்னஞ்சல் எதுவும் கேட்காது. நீங்கள் பதிவது உங்கள் கணினியிலேயே இருக்கும்.

முதலில் நிறுவுங்கள். லினக்ஸ் என்றால் ஸ்னாப் அல்லது பிளாட்ஹப் என்ற செயலிக் களஞ்சியங்களிலிருந்து நிறுவலாம். விண்டோஸ் என்றால், மென்பொருளின் மூலநிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் இதன் பக்கத்திலேயே நிறுவும் கோப்பு இருக்கிறது.

திறந்ததும் மேலே உள்ள + பொத்தானை அழுத்தி, செய்யவேண்டிய வேலையை எழுதி என்டர் தட்டுங்கள். "புத்தகம்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். அதற்குள் துணைப் பணிகளாக "முதல் அத்தியாயம்", "அடிக்குறிப்புகள்", "பொருளடக்கம் சரிபார்ப்பு" என்று பிரித்துக்கொள்ளுங்கள். துணைப் பணிகளின் நேரத்தைத் தாய்ப் பணியில் அதுவே கூட்டிக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்ற உங்கள் மதிப்பீட்டையும் போட்டுவிடுங்கள். அடிக்குறிப்புகளுக்கு நான் 1 மணி நேரம் போட்டேன், பிடித்தது 3. கூலி பேசும்போது எங்கே கோட்டைவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

சரி, இனி வேலை. பணியின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் முக்கோண வடிவ 'பிளே' பொத்தான் தெரியும். அழுத்தினால் கடிகாரம் ஓடும். வேறு பணியில் அழுத்தினால் பழையது தானாக நின்றுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த வசதி. சிலிண்டர் வந்ததென்று எழுந்து போகிறீர்கள், கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டீர்கள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பெட்டி திறந்திருக்கும்: இத்தனை நிமிடம் கணினியைத் தொடவில்லை, இதை எதில் சேர்க்கட்டும்? அச்சுப்படியைத் தாளில் படித்துக்கொண்டிருந்தால் பணியில் சேர்ப்பேன், இல்லையென்றால் இடைவேளை. எத்தனை நிமிடம் கழித்துக் கேட்கவேண்டும் என்பதை செட்டிங்ஸில் மாற்றலாம். இந்தச் செயலியை உலாவியிலும் திறக்கலாம்; ஆனால் கணினியில் நிறுவச் சொன்னது இந்த வசதிக்காகத்தான்.

மாலையில் 'ஃபினிஷ் டே' அழுத்துங்கள். அன்று முடித்தவற்றைக் காட்டிவிட்டுக் காப்பகத்துக்கு அனுப்பும். மாதக் கடைசியில் வேலைப் பதிவு (ஒர்க்லாக்) பக்கத்துக்குப் போனால் நாள்வாரியாக நேரம் இருக்கும். அதை சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றில் திறக்கும் அட்டவணை) எடுத்து ரசீதோடு இணைத்துவிடலாம்.

அப்புறம் ஒன்று: எல்லாம் உங்கள் கணினியில்தான் இருக்கிறது, வன்தட்டு போனால் கணக்கும் போய்விடும். வாரம் ஒருமுறை செட்டிங்ஸில் தரவை ஏற்றுமதி செய்து ஒரு பென்டிரைவில் போட்டுவையுங்கள்.