வஹாகா சமையல் வகுப்பில் நாம் கோட்டை விடும் இடங்கள்

மெக்சிகோ போகிறவர்கள் ஒரு நாளைச் சமையல் வகுப்புக்கு ஒதுக்குவது இப்போது சகஜம். அதிலும் தெற்கே இருக்கும் வஹாகா நகரம்தான் பலருடைய முதல் விருப்பம். நல்ல விருப்பம்தான். ஆனால் போய்வந்த பலர் ஒரு செய்முறைத் தாளும் நாலு புகைப்படமும் தவிர வேறெதுவும் கொண்டு வருவதில்லை. அங்கே கற்க வேண்டிய முதல் பாடம் மக்காச்சோளம். அதை விட்டுவிட்டு வேறு எதைக் கற்றாலும் ஊர் திரும்பியதும் கை நிற்கும்.

அதனால் முதல் தவறு, வகுப்பைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. வஹாகாவின் ஏழு மோலே குழம்புகளையும் நான்கு மணி நேரத்தில் கற்றுத் தருகிறோம் என்று எங்காவது போட்டிருந்தால் தயங்குங்கள். கறுப்பு மோலே ஒன்றுக்கே இருபதுக்கும் மேற்பட்ட பொருட்கள் சேரும். வறுத்து, ஊறவைத்து, அரைத்து, கொதிக்கவைத்து முடிக்க ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நான்கு மணி நேரத்தில் ஏழு என்றால் நீங்கள் வேடிக்கைதான் பார்ப்பீர்கள். மஞ்சள் மோலே ஒன்றை மட்டும் சொல்லித் தரும் வகுப்பு எவ்வளவோ மேல். அந்தக் குழம்பைக் கெட்டியாக்குவதும் மக்காச்சோள மாவுதான். அதில் போடும் ஓஹா சாந்தா இலை நம் வெற்றிலையின் குடும்பம். கசக்கி முகர்ந்து பாருங்கள்.

பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சோளத்தை வேகவைப்பதிலிருந்து தொடங்குவீர்களா, இல்லை மாவு தயாராக வந்துவிடுமா? ஏனென்றால் அந்த ஊர்ச் சமையலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊற விடுகிறார்கள். கிலோவுக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு. காலையில் இரண்டு கையாலும் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். கழுவி எடுத்தால் அதுதான் நிஷ்தமால். அரைத்தால் மாசா. சோளத்தில் பிடிபட்டுக் கிடக்கும் நியாசின் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுவிப்பதும் இந்தச் சுண்ணாம்புதான். சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இந்த முறையைக் கற்காமல் விட்ட இத்தாலியிலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஏழைகள் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயில் விழுந்தார்கள். ஒரு பானைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் இவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை அங்கே நின்று பார்க்கும்போது எனக்கு மெய்சிலிர்த்தது.

அடுத்தது, மாசாவில் செய்யும் டார்ட்டியா ரொட்டிக்குச் சப்பாத்திக் கையை அப்படியே கொண்டுபோவது. மாசாவில் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது. அடித்துப் பிசைந்து பயனில்லை, குழவியால் தேய்த்தால் பிய்ந்துவிடும். உருண்டையை விரலால் அமுக்கிப் பாருங்கள். ஓரம் வெடித்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். விரலில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, கோமால் என்னும் மண் கல்லில் போடுவார்கள். தோசைக்கல் பழக்கத்தில் எண்ணெய் தடவப் போகாதீர்கள். மண் கல்லில் ஒட்டாமல் இருக்கச் சுண்ணாம்புத் தண்ணீரைத்தான் பூசுகிறார்கள். ஓரம் லேசாகக் கிளம்பியதும் ஒரு திருப்பு. அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அதிக நேரம். மறுபடி திருப்பியதும் நடுவில் விரல் நுனியால் மெல்லத் தட்டினால் உப்பிக்கொண்டு எழும். அதற்கு முன் சும்மா சும்மா புரட்டினால் எழாது.

மிளகாய் விஷயத்தில் நமக்கு ஒரு மிதப்பு உண்டு: காரம் நமக்குத் தெரியாததா என்று. மிளகாயே அங்கிருந்து வந்ததுதான். குவாஹியோ, ஆஞ்சோ போன்ற காய்ந்த மிளகாய்களைக் காரத்துக்காகச் சேர்ப்பதில்லை, நிறத்துக்கும் பழவாசனைக்கும்தான். சூடான கல்லில் ஒவ்வொரு பக்கமும் சில நொடிகள்தான். வாசனை எழுந்ததும் எடுத்துவிட வேண்டும், கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். கறுப்பு மோலேவில் மட்டும் மிளகாய் விதையை வேண்டுமென்றே கரியாக்குகிறார்கள். அந்தப் புகையில் நிற்பவர்கள் எல்லோரும் இருமுவார்கள். எதைக் கருக்குவது, எதைக் கருக்கக் கூடாது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க. 'வெஹெதாரியானோ' என்று சொன்னால் தட்டில் இறைச்சித் துண்டு வராது, அவ்வளவுதான். அவரையில், இலையில் பொதிந்து வேகவைக்கும் தமால் என்னும் பண்டத்தின் மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். மோலே கோழி வேகவைத்த நீரில் கரைத்ததாக இருக்கலாம். 'சின் மான்தேகா, சின் கால்தோ தே போயோ' என்று தனியாகச் சொல்லுங்கள், அதுவும் முன்பதிவின்போதே. மான்தேகா என்றால் பன்றிக் கொழுப்பு. வெண்ணெய்க்கு மான்தேகியா என்று வேறு சொல் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பல வகுப்புகள் காலையில் சந்தையில் தொடங்கும். அங்கே கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலருக்கு சபோதெக் போன்ற மொழிகள்தான் தாய்மொழி. கேட்காமல் அவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். கையிலிருக்கும் காயில் இரண்டை வாங்குங்கள், அப்புறம் கேளுங்கள். விலைப்பலகையில் டாலர் குறி இருந்தால் பதற வேண்டாம், பெசோவுக்கும் அதே குறிதான்.

சமைத்ததைச் சாப்பிட்டு முடிக்கவே மதியம் இரண்டு, மூன்று மணி ஆகிவிடும். அதே நாளில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மோன்தே அல்பான் என்னும் பழங்கால நகரத்தின் இடிபாடுகளையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டால் இரண்டும் அரைகுறையாகும்.

கடைசியாக, வீட்டுக்கு வந்தபின் செய்யும் தவறு. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் கார்ன்ஃபிளவர் வெறும் மாச்சத்து. வடக்கத்தி மக்காச்சோள மாவான மக்கி ஆட்டாவில் சுண்ணாம்பு வேலை நடக்கவில்லை. இரண்டிலும் டார்ட்டியா வராது. காய்ந்த முற்றிய மக்காச்சோளம் வாங்கி, வாசனையோ நிறமோ சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து வேகவைத்து, இரவு ஊறவிடுங்கள். காலையில் நன்றாகக் கழுவிவிட்டு அரைக்கும்போது இட்லி மாவுக்கு விடுவதுபோல் தண்ணீர் விட்டுவிடாதீர்கள். கையில் உருட்ட வரும் பதம் போதும்.