சறுக்குப் படகு நேராக ஓட: சுக்கானில் அரம் வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றிச் சறுக்குவது நீர்ச்சறுக்கு ஸ்லாலம்; அதன் பாதையின் நீளம் 259 மீட்டர். படகு செல்ல வேண்டிய நடுவழியை இரட்டை மிதவைகள் குறிக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ 2.3 மீட்டர்தான், படகின் அகலமும் அநேகமாக அவ்வளவே. மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் இந்தப் பாதையைக் கடக்க 16 விநாடி ஆகிறது. அந்த 16 விநாடிக்குள் சறுக்குபவர் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கும் ஆறு மிதவைகளை இடமும் வலமுமாகச் சுற்றி வருகிறார். அதாவது, இரண்டரை விநாடிக்கு ஒரு முறை கயிறு பக்கம் மாறிப் படகை வெட்டி இழுக்கிறது. இப்படிப்பட்ட இழுப்பில் ஸ்டீயரிங் கனத்தாலோ, லொடலொடத்தாலோ, படகு தானாக ஒரு பக்கம் ஒதுங்கினாலோ, ஓட்டுபவரின் திறமை மட்டும் அதை ஈடுகட்டிவிடாது.

நான் இங்கே சொல்வது எஞ்சின் நடுவில் அமைந்து, ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, நேராக ப்ரொப்பெல்லருக்குச் செல்லும் டைரக்ட் டிரைவ் இன்போர்டு படகுகளுக்குப் பொருந்தும். இவற்றில் கயிறு கட்டும் கம்பம், அதாவது பைலான், படகின் நடுப்பகுதியில் சுக்கானுக்கு வெகு முன்னால் நிற்கிறது. அடிப்பகுதியின் நடுக்கோட்டில் பதித்த ஃபின்கள், அதாவது செங்குத்தான சிறு தகடுகள், படகு பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்கின்றன. எஞ்சின் வெளியே பின்பக்கம் தொங்கும், பின்புறத்தில் கயிறு கட்டும் அவுட்போர்டு படகைச் சறுக்குபவர் வாலைப் பிடித்து ஆட்டுவதுபோல் ஆட்டிவிட முடியும். இன்போர்டு படகு அப்படி ஆடாமல் இருப்பதற்கு இந்த அமைப்பே காரணம். ஆகவே அத்தகைய படகு ஆடத் தொடங்கினால், அமைப்பில் எங்கோ ஒன்று தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

முதலில் நோயை அறிய வேண்டும். காற்றில்லாத காலை நேரத்தில், சறுக்குபவர் இல்லாமல், வழக்கமான வேகத்தில் ஒரு முறை போய் அதே கோட்டில் திரும்பி வாருங்கள். இரு திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால் குறை படகில் இருக்கிறது. திசை மாறும்போது இழுப்பும் மாறினால் அது காற்றின் அல்லது நீரோட்டத்தின் வேலை. எடையையும் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். படகில் வேறு யாரும் இல்லையென்றால் படகு அந்தப் பக்கம் சாய்ந்தே ஓடும். ஆகவே பார்வையாளர் ஒருவரையோ, அவருக்கு ஈடான எடையையோ இடப்புறம் வைத்த பிறகே சோதனையை நம்பலாம்.

அடுத்து, படகைக் கரையேற்றி, சாவியை எடுத்துவிட்டு, பின்புறத் தரைப்பலகையைத் திறந்து பாருங்கள். சுக்கான் தண்டின் தலையில் டில்லர் கை பொருத்தப்பட்டிருக்கும். ஸ்டீயரிங் கேபிள் ஒரு பந்து மூட்டின் வழியாக அதில் வந்து சேரும். அந்த மூட்டைக் கழற்றிவிட்டு டில்லர் கையைக் கையால் அசைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். நல்ல நிலையில் உள்ள சுக்கான் இரண்டு விரல் அழுத்தத்துக்கே, கிரீஸ் பூசிய தாழ்ப்பாள்போல் வழுவழுவென்று நகரும். அப்படி நகர்ந்தால் ஸ்டீயரிங் கனத்துக்குக் கேபிளோ ஸ்டீயரிங் தலைப்பகுதியோதான் காரணம். நகர மறுத்தால், சுக்கான் தண்டு படகைத் துளைத்து இறங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்: நீர் கசிகிறதே என்று யாரோ தண்டைச் சுற்றி நீரை அடைக்கும் கிளாண்ட் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள், அல்லது கிரீஸ் செலுத்தும் நிப்பிள் ஒன்று அங்கே இருப்பதே பல ஆண்டுகளாக எவர் கண்ணிலும் பட்டிருக்காது. கசிவை நிறுத்த வேண்டுமானால் நட்டுக்கு உள்ளே நீரை அடைக்கும் பேக்கிங்கை மாற்றுவதே முறை. நட்டை முறுக்கிக்கொண்டே போவது கசிவைக் கனமாக மாற்றிக்கொள்வதாகும்.

கேபிளின் குறை பெரும்பாலும் பின்முனையில்தான் தொடங்குகிறது. உறையிலிருந்து உலோகக் கம்பி வெளிவரும் இடத்தில் துருவோ உப்பேறியதுபோன்ற படிவோ தெரிந்தால், உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். சிலர் எண்ணெய் ஊற்றி அதை உயிர்ப்பிக்கப் பார்ப்பார்கள். சில வாரம் ஓடும், பிறகு முன்பைவிட மோசமாகும். புதிய கேபிளை, பழையதின் உறையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதே நீளத்தில் வாங்கி, கூர்மையான வளைவு எங்கும் விழாதபடி பதிக்க வேண்டும்.

கனத்தைவிட நேரோட்டத்துக்குப் பெரிய எதிரி ஆட்டம், அதாவது இணைப்புகளில் உள்ள தளர்வு. ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாகச் சிறிதளவு அசைத்துக்கொண்டிருக்க, மற்றவர் படகுக்குள் குனிந்து அந்த அசைவு எங்கே தொலைகிறது என்று தேட வேண்டும். கேபிள் உறையைப் படகுடன் பிணைக்கும் கிளாம்ப், பந்து மூட்டு, டில்லர் கையின் போல்ட், சுக்கான் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் ஆகிய நான்கும் இதில் வழக்கமான குற்றவாளிகள். கிளாம்ப் தளர்ந்திருந்தால் சுக்கானுக்குப் பதிலாக உறையே முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரியும். இங்கே கழற்றிய லாக் நட்டுகளைப் பழையபடி போடாமல் புதியவற்றையே போடுங்கள். 58 கிலோமீட்டர் வேகத்தில் சுக்கான் கழன்றால் படகை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை, நிறுத்தும் தூரம் இருந்தால்.

இனி படகின் அடி. அணியத்திலிருந்து பின்புறம்வரை நடுக்கோட்டில் ஒரு நூலை இழுத்துக் கட்டினால், ஃபின்களில் எது விலகியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். டிரெய்லரில் ஏற்றும்போது இடிபடுவதாலும், ஆழம் குறைந்த இடத்தில் தரை தட்டுவதாலும் இவை வளைகின்றன. எங்கள் கிளப் படகில் முன் ஃபின் ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை யாரும் கவனிக்காமல், இழுப்பைச் சரிசெய்வதாக எண்ணிச் சுக்கானை ஆளுக்கொரு பருவம் அராவி வைத்திருந்தார்கள். கடைசியில் ஃபின்னை மாற்றியபோது சுக்கானையும் சேர்த்தே மாற்ற நேர்ந்தது. ஃபின்னைக் கழற்றினால் போல்ட் துளைகளில் நீரை அடைக்கும் பசையான பழைய சீலன்ட்டை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, பின்னாளில் கழற்ற முடிகிற வகை மரைன் சீலன்ட்டைப் பூச வேண்டும். படகு எளிதாகத் திரும்புகிறது என்பதற்காக ஒரு ஃபின்னைக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஸ்லாலம் இழுக்கும் படகில் நான் அதைச் செய்ய மாட்டேன். ப்ரொப்பெல்லரின் இதழ் ஏதேனும் வளைந்திருந்தால் அதையும் இப்போதே பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகும் ஓரளவு இழுப்பு மிஞ்சவே செய்யும். ப்ரொப்பெல்லர் தள்ளும் நீர் திருகிக்கொண்டே வந்து சுக்கானின் மேற்பாதியை ஒரு பக்கத்திலிருந்தும் கீழ்ப்பாதியை மறுபக்கத்திலிருந்தும் அடிக்கிறது. இரண்டும் சமமாக இருப்பதில்லை. இந்த மிச்சத்துக்குத்தான் அரம். முன்னோக்கி நின்று பார்க்கையில் படகு வலப்புறம் இழுத்தால், சுக்கானின் பின்விளிம்பில் இடப்பக்க முகத்தைச் சரிவாக அராவ வேண்டும். சரிவை ஒட்டி ஓடும் நீர் விளிம்பை அந்தப் பக்கமாக உறிஞ்சுவதால், சுக்கான் இடப்புறம் நகர்ந்து படகின் இழுப்பைத் தணிக்கிறது. இடப்புறம் இழுத்தால் வலப்பக்க முகத்தை அராவ வேண்டும்.

தட்டையான அரத்தை எடுத்து, விளிம்பை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் மட்டும், மேலிருந்து கீழ்வரை சீராகப் பத்துப் பதினைந்து இழுப்பு இழுத்துவிட்டு, படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். விளிம்பு கத்திபோல் கூர்மையாகிவிடக் கூடாது. எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே நான்கு முறை இறக்கி ஏற்ற நேர்ந்தாலும் பரவாயில்லை. மின்சாரக் கிரைண்டரை இந்த வேலைக்கு எடுப்பவரிடம் படகை ஒப்படைக்காதீர்கள். இழுப்பு கூடினால் பக்கம் மாறிவிட்டது என்று தெரிந்துகொண்டு உடனே நிறுத்திவிட வேண்டும்.

இழுப்பை முற்றிலும் போக்கிவிட வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பக்கம் மெல்லிய அழுத்தம் எப்போதும் கையில் தெரிவதை அனுபவமுள்ள ஓட்டுநர்கள் பலர் விரும்புகிறார்கள். கேபிளில் மிஞ்சியிருக்கும் ஆட்டத்தை அந்த அழுத்தம் ஒரு பக்கமாக ஒதுக்கிவைப்பதால், நடுவில் செத்த இடம் இல்லாமல் ஸ்டீயரிங் உடனுக்குடன் பதில் சொல்கிறது. பெரிய பிழை ஏதுமில்லாத படகில் நான் அந்த இடத்தோடு அரத்தைக் கீழே வைத்துவிடுவேன்.

கடைசிச் சோதனையைச் சறுக்குபவரோடு செய்யுங்கள். ஓட்டுபவரின் பார்வை அருகிலுள்ள மிதவையில் இல்லாமல் பாதையின் மறுமுனையில் நிலைத்திருக்க, சறுக்குபவர் மிதவையைத் திரும்பிக் கயிற்றில் சாய்கிற கணத்துக்குச் சற்று முன்பே எதிர்ப்பக்கம் ஒரு விரற்கடை அழுத்தம் கொடுத்து, உடனே விட்டுவிட வேண்டும். படகு விலகிய பிறகு திருப்பினால், அந்தத் திருத்தம் அடுத்த இழுப்போடு சேர்ந்துகொண்டு விலகலை இரட்டிப்பாக்கிவிடும்.