அப்டேட் வந்தாப் பிறகு எங்கட பெடியள் விடுற பிழையள்

போன வெள்ளி பின்னேரம் யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலை எங்கட ஒஃபிசிலை புதுசா வந்த தம்பி லப்டொப்பை மூடிக்கொண்டு, "அண்ணை, செக்யூரிட்டி அப்டேட் ஒண்டு வந்து கிடக்கு, திங்கள் வந்து போடுறன்" எண்டான். 2014இலை நானும் இதே சொல்லைச் சொன்னனான், அதாலைதான் இதை எழுதுறன். பாஸ்வேர்ட் 123 வைக்காதை எண்டெல்லாம் சொல்ல வரேல்லை, அது உங்களுக்கே தெரியும்.

திங்கள் பாப்பம்

பட்ச், அதுதான் ஓட்டையை அடைக்கிற அப்டேட், வந்த உடனை அதைப் பிரிச்சுப் பாக்கிறதுக்கு எங்களைவிட அவசரமா இருக்கிறது தாக்கிறவன்தான். பழைய புரோகிராம் கோட் (code), புதுக் கோட் ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்தால் எங்கை ஓட்டை எண்டு பட்சே காட்டிக் குடுத்திடும். 2014 ஒக்டோபர் 15 ட்ரூபல் 7 (Drupal, வெப்சைட் செய்யிற சொஃப்ட்வெயார்) இலை வந்த ஓட்டைக்குத் திருத்தினது ஒரேயொரு வரி. அறிவிப்பு வந்தது எங்கட நேரம் இரவு ஒன்பதரை, நான் சாப்பிட்டிட்டுக் கிறிக்கெட் பாத்துக்கொண்டிருந்தன். 7 மணித்தியாலத்துக்குள்ளை, எங்களுக்கு விடிய நாலரைக்கு முந்தி, பட்ச் போடாத எல்லா ட்ரூபல் 7 சைட்டும் பிடிபட்டதாத்தான் எடுத்துக்கொள்ளுங்கோ எண்டு ட்ரூபல் செக்யூரிட்டி ரீமே 29ஆம் திகதி அறிவிச்சது. அந்த நேரம் யாழ்ப்பாணம் முழுக்க நித்திரை.

பூட்டிட்டன், இனிப் பயமில்லை

இதுதான் எனக்கு இண்டைக்கும் எரிச்சல் வாற பிழை.

நான் ஒரு கடைக்காரருக்குச் செய்து குடுத்த ட்ரூபல் 7 சைட்டுக்கு அதே ஒக்டோபர் வெள்ளி பின்னேரம், 17ஆம் திகதி, பட்ச் போட்டிட்டு நிம்மதியா வீட்டை போனன், அடுத்த கிழமை அவர் போன் அடிச்சு "தம்பி, என்ர சைட்டைத் திறந்தால் மருந்து விக்கிற பக்கம் வருது" எண்டார், நான் கஷ் (பிரவுசர் சேத்து வைச்ச பழைய பக்கம்) பிரச்சினையா இருக்கும் அண்ணை எண்டு சொல்லிச் சமாளிச்சன், வெக்கக்கேடு. பேந்து டேட்டாபேஸைத் திறந்து எந்தப் பக்கத்தைக் கேட்டால் எந்த ஃபங்ஷன் ஓடவேணும் எண்டு வைச்சிருக்கிற மெனு ரவுட்டர் டேபிளைப் பாத்தால் நான் போடாத ஒரு வரி, அதிலை ஓடவேண்டிய ஃபங்ஷனின்ர பேர் இருக்கிற கோல்பக் எண்ட இடத்திலை, ஃபைல் எழுதுற பிஎச்பி (PHP, ட்ரூபல் எழுதின மொழி) ஃபங்ஷனின்ர பேர். மொட்யூல் ஃபோல்டருக்குள்ளை நாலு எழுத்துப் பேரிலை ஒரு பிஎச்பி ஃபைல், திகதி 16, விடியக்காலமை. நான் பட்ச் போட முதலே வந்து தனக்கொரு திறப்பு வெட்டி வைச்சிட்டான், நான் பிறகு போய் முன்கதவைப் பூட்டிப்போட்டுப் புளுகத்தோடை திரிஞ்சிருக்கிறன்.

இன்னொண்டு கேளுங்கோ, சில சைட்டுகளிலை தாக்கினவனே பட்சையும் போட்டு விட்டிருந்தான், வேற கள்ளன் உள்ளை வரக்கூடாதெண்டு! நீங்கள் போடாத பட்ச் போட்டபடி கிடந்தால் சந்தோசப்படாதேங்கோ, பயப்பிடுங்கோ. 2021 மார்ச்சிலை மைக்ரோசொஃப்டின்ர ஈமெயில் சேர்வர் எக்ஸ்சேஞ்சிலையும் பூட்டினாப் பிறகும் கள்ளன் உள்ளை இருந்த கதைதான், பட்ச் போட்ட சேர்வர்களுக்குள்ளை வெப் ஷெல், அதுதான் தூர இருந்து சேர்வரை ஆட்டுறதுக்குத் தாக்கினவன் வைச்ச ஃபைல், அப்பிடியே இருந்தது.

அதாலை பட்ச் போட்ட கையோடை எழும்பாதேங்கோ. அறிவிப்பு வந்த நேரத்துக்கும் நீங்கள் போட்ட நேரத்துக்கும் இடையிலை என்ன நடந்தது எண்டு சேர்வர் எழுதி வைக்கிற லொக்கிலை (log) பாருங்கோ, புது அட்மின் ஆர், புது ஃபைல் எது, கிரொன் ஜொப்பிலை (நேரத்துக்குத் தானா ஓடுற வேலையள்) என்ன கிடக்கு எண்டு பாருங்கோ. பாஸ்வேர்ட், வேற சேவையளோடை இணைக்கிற ஏபிஐ கீ எல்லாம் மாத்துங்கோ.

எங்கட சின்ன சைட்டை ஆர் தேடுவினம்?

ஒருத்தரும் தேடேல்லை. தானா ஓடுற பொட் (bot) புரோகிராம் தேடுது, அதுக்குக் கொழும்பு வங்கியும் சுன்னாகம் ஹாட்வெயாரும் ஒண்டுதான்.

நாங்கள் அதைப் பாவிக்கேல்லையே

2021 டிசம்பரிலை லொக்ஃபோர்ஜே (Log4j, ஜாவா புரோகிராமுகள் லொக் எழுதப் பாவிக்கிற கோட்) ஓட்டை வந்த நேரமும் கனபேர் இதைத்தான் சொன்னவை, பிறகு பாத்தால் ஆரோ எழுதின வேற சொஃப்ட்வெயாருக்குள்ளை அது குந்திக்கொண்டிருந்தது.

பேக்கப் இருக்குத்தானே

எந்தத் திகதிப் பேக்கப்? நான் அந்தக் கடைக்காரரின்ர சைட்டுக்கு அவசரத்திலை முதல் போட்டது 17ஆம் திகதிப் பேக்கப், அந்த நாலு எழுத்து ஃபைலும் சேந்து திரும்பி வந்திட்டுது.