எரியப்போகிற ஆயிலைத்தான் வாங்குகிறீர்கள்: ரோட்டரி கார்க்காரர்கள் செய்யும் தவறுகள்

மாஸ்டா என்றால் நம் ஊரில் பலருக்கு ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், வளைகுடா என்று போய்க் குடியேறியவர்கள் மாஸ்டாவின் பழைய ஆர்எக்ஸ்-8 கார் ஒன்று நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடுவார்கள். அதில் இருப்பது ரோட்டரி இன்ஜின், மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின். வாங்கிய வாரமே எழும் கேள்வி, இதற்கு என்ன ஆயில் ஊற்றுவது? விசாரித்தால் பத்துப் பேர் பத்து பிராண்டு சொல்வார்கள். பிராண்டு பெரிய விஷயமே இல்லை. இந்த இன்ஜின் தன் ஆயிலை என்ன செய்கிறது என்று தெரியாமல் வாங்குவதில்தான் முக்கால்வாசித் தவறும் ஆரம்பிக்கிறது.

யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். அந்த வண்டியில் ஆயிலுக்கென்று தனி டேங்க் உண்டு, ஒரு சின்ன பம்ப் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்குள் அனுப்பும், அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடும். ரோட்டரியிலும் இதே கதைதான். முக்கோண வடிவ ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்று ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது, அது ரோட்டரைச் சுற்றியுள்ள கூட்டின் (ஹவுசிங்) சுவரை உரசிக்கொண்டே ஓடும், அந்த இடத்துக்கு ஆயில் போகாவிட்டால் சீலும் போகும் சுவரும் போகும். அதனால் மாஸ்டா ஒரு மீட்டரிங் பம்ப் வைத்து எரியும் அறைக்குள்ளேயே ஆயிலைத் தெளிக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் பெரிய வித்தியாசம். ஆர்எக்ஸ் 100-இன் தனி டேங்கில் இருப்பது எரிவதற்கென்றே தயாரித்த டூ-ஸ்ட்ரோக் ஆயில். மாஸ்டாவின் பம்ப் எடுப்பதோ சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடித் தொட்டியில் இருக்கும் சாதாரண இன்ஜின் ஆயிலை, அதாவது எரியக்கூடாது என்று நினைத்துத் தயாரித்த ஆயிலை.

ஆக ஒரே ஆயில் இரண்டு வேலை பார்க்கிறது. ரோட்டர்கள் சுழற்றும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் பேரிங்குகளில் கெட்டியான படலமாக நின்று பாரம் தாங்க வேண்டும், ரோட்டர்களின் உள்பக்கம் பாய்ந்து சூட்டையும் வாங்கிக்கொண்டு வர வேண்டும் (ஆறு கியர் ஆர்எக்ஸ்-8-இல் இரண்டு ஆயில் கூலர் இருப்பது சும்மா இல்லை). அப்புறம் அறைக்குள் போய் எரிந்து, முடிந்தவரை எச்சம் விடாமல் வெளியேறவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் யோசித்து ஆயில் வாங்குவதுதான் கீழே வரும் பல தவறுகளுக்கும் வேர்.

"ஆயில் குறைகிறது, ஏதோ கோளாறு"

கோளாறு இல்லை. குறையத்தான் வேண்டும். சாதாரண காரிலிருந்து இதற்கு மாறியவர்கள் டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பதறி, கெட்டியான ஆயில் ஊற்றினால் குடிப்பது குறையும் என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறார்கள், இல்லாவிட்டால் கசிவு நிறுத்தும் மருந்து என்று விற்கும் ஏதோ ஒரு புட்டியைக் கவிழ்க்கிறார்கள். அந்த மருந்தும் அதே பம்ப் வழியாக எரியும் அறைக்குத்தான் போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சும்மா எந்த அடிட்டிவும் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது ஆயில் குறையவே குறையாத ரோட்டரியைப் பார்த்துத்தான். பம்ப் வேலை செய்யவில்லையோ, தெளிக்கும் குழாய் அடைத்துக்கொண்டதோ என்று அப்போதுதான் சந்தேகம் வர வேண்டும். செகண்ட் ஹாண்டில் விற்பவர் "இந்த வண்டி சொட்டு ஆயில்கூடக் குடிக்காது" என்று பெருமையாகச் சொன்னால் அது பெருமை இல்லை, விலையைக் குறைத்துக் கேட்பதற்கு ஒரு காரணம். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறையாவது சமதரையில் நிறுத்தி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து அளவு பாருங்கள். அதே ஆயிலில் ஒரு லிட்டர் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். எந்த கிரேடு சரி என்று மாதக்கணக்கில் வாதாடிவிட்டு அளவு பார்க்காமல் விட்டவர்களின் இன்ஜின்தான் முதலில் போகிறது. முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-8-இன் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் ஒன்று நடுவில் அமைதியாக நிற்குமே, அதையும் நம்ப வேண்டாம். அது உண்மையான மீட்டர் இல்லை, பிரஷர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஒரு ஸ்விட்ச்.

கிரேடு எண்ணை வேதமாக எடுத்துக்கொள்வது

அமெரிக்காவில் ஆர்எக்ஸ்-8 கையேடு 5டபிள்யூ-20 என்கிறது (பின்னால் வரும் எண் கூடக் கூட, சூட்டில் ஆயில் கெட்டி). ரெனசிஸ் என்ற அதே ஆர்எக்ஸ்-8 இன்ஜினுக்கு ஐரோப்பாவில் 5டபிள்யூ-30 ஊற்றுகிறார்கள். இன்ஜின் ஒன்றுதான், கடல் தாண்டியதும் கிரேடு மாறுகிறது. அமெரிக்காவின் எரிபொருள் சிக்கன விதிகளுக்காகத்தான் மெல்லிய ஆயிலைச் சொன்னார்கள் என்பது ரோட்டரி ஓட்டுபவர்கள் மத்தியில் பரவலான நம்பிக்கை, எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இங்கே பார்க்க வேண்டிய எண் டப்பாவின் முன்பக்கத்தில் இருக்காது. எச்டிஎச்எஸ் என்று ஆயில் கம்பெனியின் தொழில்நுட்பத் தாளில் போட்டிருக்கும். 150 டிகிரி செல்சியஸ் சூட்டில், வேகமாக நசுக்கப்படும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்ற அளவு அது. 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6 இருந்தால் போதும், 30-க்கு 2.9, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5, 50-க்கு 3.7. ஷாஃப்ட் 9000 ஆர்பிஎம் வரை சுற்றும் ஓர் இன்ஜினில், அதுவும் பெட்ரோல் கசிந்து ஆயிலோடு கலப்பது சகஜமான ஓர் இன்ஜினில், 2.6-ஐ வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கலக்கிற பெட்ரோல் அதை இன்னும் மெல்லியதாக்கும், பேரிங் தேயும்.

அதற்காக நேராக 20டபிள்யூ-50-க்குத் தாவுவதும் தவறு. துபாய் வெயிலில் டர்போ வைத்த ஆர்எக்ஸ்-7-ஐ (ஆர்எக்ஸ்-8-க்கு முந்தைய மாஸ்டா ரோட்டரி கார்) டிராக்கில் ஓட்டுபவருக்கு அது பொருந்தலாம். டொரண்டோவில் ஜனவரி காலையில் அதே ஆயில் தேன் மாதிரி இறுகி நிற்கும், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் ரோட்டரி பற்றாது, பற்றாமல் போனால் உள்ளே பெட்ரோல் தேங்கி இன்ஜின் ஃப்ளட் ஆகிவிடும், அப்புறம் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டர்போ இல்லாத, தினமும் ஓடும் ஆர்எக்ஸ்-8-க்குக் குளிர் நாட்டில் 5டபிள்யூ-30, வெப்ப நாட்டில் 5டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40, இதற்கு மேல் குழப்பிக்கொள்ள ஒன்றும் இல்லை. பழைய ஆர்எக்ஸ்-7 என்றால் அதன் கையேட்டில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ற கிரேடு அட்டவணை இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

சிந்தடிக் என்றாலே பயம்

"ரோட்டரிக்கு சிந்தடிக் ஆகாது" என்பது நாற்பது வருடப் பழைய வாக்கு. முற்றிலும் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன், வட அமெரிக்காவில் மாஸ்டாவே நீண்ட காலம் மினரல் ஆயில் பக்கம்தான் நின்றது, அந்தக் காலத்து சிந்தடிக் ரப்பர் சீல்களைக் கெடுக்கும், எரிந்தால் எச்சம் விடும் என்ற கவலை இருந்தது. ஆனால் 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த மாஸ்டா 787பி-யின் நான்கு ரோட்டர் இன்ஜினுக்குப் பின்னால் இருந்தது ஐடெமிட்சு ஆயில், அந்த நிறுவனம் இன்றும் ரோட்டரிக்கென்றே சிந்தடிக் ஆயில் விற்கிறது. மினரலா சிந்தடிக்கா என்பது தவறான கேள்வி. எரிந்த பிறகு என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் யாரும் பார்க்காத இன்னொரு எண் வருகிறது. சல்பேட்டட் ஆஷ், அதாவது ஆயிலை முழுக்க எரித்தால் மிஞ்சும் சாம்பல், சதவீதத்தில். இந்தச் சாம்பல் அடிப்படை ஆயிலிலிருந்து வருவதில்லை, அதில் கலந்திருக்கும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்மங்களிலிருந்து வருகிறது. சாதாரண பிஸ்டன் காரில் ஆயில் அதிகம் எரியாது, ஆகவே யாரும் கண்டுகொள்வதில்லை. ரோட்டரியில் லிட்டர் லிட்டராக எரிகிறது, ஆகவே அந்தச் சாம்பல் எல்லாம் எங்கேயோ போய் ஒட்டிக்கொள்ளத்தான் வேண்டும்: ஸ்பார்க் பிளக்கில், சீல் உட்காரும் பள்ளத்தில், கடைசியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில். பள்ளத்தில் சீல் சிக்கிக்கொண்டால் கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தம், போச்சு. கன்வெர்ட்டர் அடைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்ஜின் பக்கமே திரும்பும், ஆர்எக்ஸ்-8-கள் பல இப்படித்தான் வீணாகியிருக்கின்றன.

ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர்கள் சங்கமான ஏசிஇஏ-வின் ஆயில் தரத்தில் சி3 என்று போட்டிருந்தால் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டாது, எச்டிஎச்எஸ் 3.5-க்குக் குறையவும் குறையாது. அதாவது ஒரு 5டபிள்யூ-30 சி3 ஆயில், சூட்டில் 40 கிரேடு மாதிரி நிற்கும், எரிந்தால் குறைவாகச் சாம்பல் விடும். இரண்டு வேலைக்கும் ஒத்துவரும் ஆயில் கடையில் சாதாரணமாகவே கிடைக்கும்போது ரோட்டரி என்று பெயர் போட்ட விலையுயர்ந்த டப்பாவைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கட்சி. அதே ஏசிஇஏ-வில் ஏ3/பி4 என்றால் சாம்பல் 1.0-க்குக் குறையாது, 1.6 வரை போகலாம். உடனே கெட்டுவிடாது, ஆனால் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருக்கும்போது ஏன்?

இதே காரணத்தால்தான் லாரிக்கு ஊற்றும் டீசல் ஆயிலை "பாரம் தாங்கும், விலையும் குறைவு" என்று ரோட்டரிக்கு ஊற்றுவதும், துத்தநாகம் தூக்கலாக இருக்கும் ரேசிங் ஆயிலை ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஊற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. பந்தயக் காரின் இன்ஜினைச் சீக்கிரமே பிரித்துச் சுத்தம் செய்வார்கள். உங்கள் வண்டியை யார் பிரிக்கப்போகிறார்கள்?

டூ-ஸ்ட்ரோக் ஆயிலை இடம் மாற்றி ஊற்றுவது

பெட்ரோலோடு கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டுவது ரோட்டரி உலகத்தில் பழைய பழக்கம், நல்ல பழக்கமும்கூட, டிவிஎஸ் 50-க்குப் பங்கில் கலந்து வாங்குவோமே அதேதான். 50 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி, அதாவது 250-க்கு 1, மீட்டரிங் பம்ப் நன்றாக வேலை செய்யும் வண்டிக்குத் தாராளம். முதலில் ஆயிலை ஊற்றிவிட்டு மேலே பெட்ரோல் போட்டால் தானாகக் கலந்துவிடும். எரிவதற்கென்றே தயாரித்த, சாம்பல் குறைந்த வகையாகப் பாருங்கள்: படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3, இல்லையென்றால் ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரம். இந்த இரண்டில் எது உசத்தி என்ற சண்டைக்கு முடிவே கிடையாது, நான் அதில் தலையிடப்போவதில்லை.

தவறு எங்கே வருகிறது என்றால், கலக்க ஆரம்பித்ததும் "இனி பம்ப் எதற்கு" என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள், ஆனால் கலவை விகிதத்தை மாற்றுவதில்லை. பம்ப் இல்லாவிட்டால் 100-க்கு 1 என்ற அளவிலாவது கலக்க வேண்டும், 50 லிட்டருக்கு அரை லிட்டர். ஒரே ஒரு முறை மறந்து வெறும் பெட்ரோல் போட்டாலும் அந்த டேங்க் முழுக்க சீல் காய்ந்துதான் ஓடும். வீட்டில் வேறு யாராவது அந்தக் காரை எடுத்துப்போய் பெட்ரோல் போடுவார்கள் என்றால் பம்பைத் தொடாதீர்கள். இன்னொன்று, சிலர் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை நேராக சம்ப்பில் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. பேரிங்குக்கு அது போதாது.

மாற்றும்போது நடக்கும் குளறுபடிகள்

நல்ல ஆயில் வாங்கி 15,000 கிலோமீட்டர் ஓட்டுவதைவிடச் சுமாரான ஆயில் வாங்கி 5,000-இல் மாற்றுவது இந்த இன்ஜினுக்கு நல்லது. நடுவில் டாப்-அப் செய்துகொண்டே இருக்கிறோமே, புது ஆயில் போய்க்கொண்டுதானே இருக்கிறது என்ற வாதத்தைக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் புது ஆயில் சேர்கிறதே தவிர, மிச்சமிருக்கும் பழைய ஆயில் அதில் சேர்ந்த அழுக்கோடும் பெட்ரோலோடும் அப்படியே இருக்கிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். அளவு குறையாமல் ஏறுகிறது என்றாலும் அதேதான். தினமும் இரண்டு தெரு தள்ளி மட்டும் போய் வரும் வண்டியில் இது சீக்கிரம் நடக்கும்.

ஆர்எக்ஸ்-8-இல் எவ்வளவு ஊற்றுவது என்பதிலும் ஏமாறுவார்கள். கையேட்டில் முழுக் கொள்ளளவு என்று 6.7 லிட்டர் போட்டிருக்கும், அது ஒன்றுமே இல்லாத காலி இன்ஜினுக்கான கணக்கு. கூலரிலும் குழாய்களிலும் ஏறத்தாழ பாதி ஆயில் தங்கிவிடும், ஃபில்டரோடு மாற்றினாலும் சுமார் மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும். ஆறரை லிட்டரை மடமடவென்று ஊற்றினால் மிச்சம் ஆவி வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள் போய்ப் பின்னால் வெள்ளைப் புகையாக வரும். மூன்று லிட்டர் ஊற்றி, ஓட விட்டு, டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் முறை.

மூடியைத் திறந்ததும் உள்பக்கம் மஞ்சள் வெள்ளையாக வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் கூலண்ட் கலந்துவிட்டது என்று அலறுபவர்கள் உண்டு. ஆர்எக்ஸ்-8-இன் ஊற்றும் குழாய் நீளமானது, இன்ஜின் சூடு அதுவரை சரியாக எட்டாது, குளிர்காலத்தில் ஈரம் அங்கே தங்கி ஆயிலோடு குழைந்துவிடும். துணியால் துடைத்துவிட்டு நீண்ட தூரம் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் போங்கள்.

சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, இழுவையும் குறைந்துவிட்டது என்றால் கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்க்கலாமா என்றும் கேட்பார்கள். தேய்ந்த சீலை எந்த ஆயிலும் திரும்பக் கொண்டுவராது. ரோட்டரிக்கென்று இருக்கும் கம்ப்ரஷன் டெஸ்டரில் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று எண் வரும், ரெனசிஸுக்கு 250 ஆர்பிஎம்மில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே ஏதாவது ஒன்று போயிருந்தால் ஆயிலுக்குச் செலவழிக்கும் பணத்தை ரீபில்டுக்குச் சேர்த்து வையுங்கள். வட அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான ஆர்எக்ஸ்-8-களின் இன்ஜினுக்கு மாஸ்டா வாரண்டியை எட்டு வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீட்டித்தது, அந்தக் கெடுவும் இப்போது தாண்டிவிட்டது.

2023-இல் வந்த எம்எக்ஸ்-30 ஆர்-ஈவி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அதிலுள்ள ஒற்றை ரோட்டர், 830 சிசி இன்ஜின் பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்க மட்டும் ஓடுகிறது, பெட்ரோலை நேராக அறைக்குள் பீய்ச்சும் வேறு வடிவமைப்பு அது. அதற்கு ஆர்எக்ஸ்-8 கிரேடுகளை ஊற்றிப் பரிசோதனை செய்யாமல் அந்த வண்டியின் கையேட்டில் இருப்பதை மட்டும் ஊற்றுங்கள்.