புனுன் மொழி கற்கத் தொடங்குவோர் செய்யும் தவறுகள்

தைவானின் நடு மலைத்தொடரில் பேசப்படும் புனுனைச் சீனத்தின் ஏதோ ஒரு கிளை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் உறவே கிடையாது. மலாய், தகலோகு, மலகாசி எல்லாம் அடங்கிய ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. அந்தக் குடும்பத்தின் 10 முதன்மைக் கிளைகளில் 9 தைவானிலேயே இருப்பதாக 1999-இல் மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் வகுத்தார். அவற்றில் புனுன் ஒரு தனிக்கிளை.

இதைவிட அதிகம் படுத்துவது, எந்தப் புனுன் என்று கேட்காமல் பாடத்தைத் திறப்பது. தைவான் அரசு பழங்குடி மொழிகளை 42 வட்டார வழக்குகளாகப் பிரித்துப் பாடநூல் போடுகிறது. அதில் புனுனுக்கு மட்டும் 5. வீட்டுக்கு வடக்கிலும் நடுவிலும் 'லுமாக்' என்பார்கள். கடைசி ஒலி தொண்டையின் அடியிலிருந்து வரும். தெற்கின் இஸ்புக்குன் வழக்கில் அதுவே 'லுமாஹ்'. ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடம் பார்த்து வழக்கை ஊகிப்பதும் ஆபத்துதான். 1930-களில் ஜப்பானிய ஆட்சி இம்மக்களை மலையுச்சியிலிருந்து கீழே இறக்கிக் குடியமர்த்தியது. ஊர்க்காரர்களிடம் கேட்பதே மேல்.

அகராதியில் சொல் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் சொல்லின் தலையைப் பார்த்துத் தேடியவர்கள். இங்கே 200-க்கும் மேற்பட்ட ஒட்டுகள் உண்டு, பெரும்பாலும் முன்னொட்டுகள். சாப்பிடுபவரை முன்னிறுத்தினால் 'மாஉன்', சாப்பிடப்படும் பொருளை முன்னிறுத்தினால் 'காஉனுன்'. அடிச்சொல் 'காஉன்'. 'ம'வில் தேடினால் கைக்கு எட்டாமல் போகலாம். இரண்டாவது வடிவத்தை நம் செயப்பாட்டு வினை என்று எடுத்துக்கொள்வதும் பிசகு. அன்றாடப் பேச்சில் அது சர்வசாதாரணம். வாக்கியம் வினையில் தொடங்குவதால், வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய நமக்குக் கொஞ்ச நாள் தலைகீழாகத்தான் இருக்கும்.

ஆனால் ஓரிடத்தில் நமக்குச் சுலபம். 'தூசா' என்றால் இரண்டு. ஆட்களை எண்ணும்போது 'தாதூசா'. இரண்டு, இருவர் என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சீனமோ ஆங்கிலமோ வழியாகப் படிப்பவர்கள்தான் மனிதர்களைப் பொருள்களைப் போல எண்ணிவிடுகிறார்கள்.

பசிபுத்புத் என்ற தினை வேண்டுதல் பாடலைக் கேட்டு மொழியைப் பிடித்துவிடலாம் என்று இறங்காதீர்கள். அது உயிரொலிகளாலேயே பாடப்படுவது, அதில் சொற்களே இல்லை.