பூனையோடு ஏரிக்கரைப் பூங்காவுக்கு

கழுத்துப்பட்டையில் கயிறு கட்டிப் பூனையைக் கூட்டிப் போகாதீர்கள். மிரண்டால் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். நெஞ்சையும் வயிற்றையும் சுற்றிப் பிடிக்கும் ஹார்னஸ்தான் வேண்டும். உடலுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம். முதல் தடவை போட்டதும் பல பூனைகள் அப்படியே சாய்ந்து படுத்துக்கொள்ளும். பயப்பட வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் தினமும் 10 நிமிடம் போட்டுப் பழக்குங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி முடிந்திருக்கட்டும்.

பூங்காவில் விலங்குகளை அனுமதிப்பார்களா என்று முதலில் கேளுங்கள். கிளம்ப 3, 4 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தினால் வழியில் வாந்தி குறையும். ஒரு பூனைக்கு ஒரு கூண்டு. ஒன்றாக அடைத்தால், பயத்தில் உயிர்த்தோழர்களும் அடித்துக்கொள்ளும்.

நம் ஊர் வெயிலுக்கு காலை 9 மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. கூண்டை நிழலில் வைத்துக் கதவைத் திறந்துவிடுங்கள். தானாக வரட்டும், இழுக்காதீர்கள். ஏரித் தண்ணீரைக் குடிக்க விடக்கூடாது, பச்சைப்பாசி படர்ந்திருந்தால் கிட்டவே வேண்டாம். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் உடனே நிழலான, குளிர்ந்த இடத்துக்குத் தூக்குங்கள். அடங்காவிட்டால் நேரே மருத்துவரிடம். உண்ணிக்காக நாய் மருந்தைத் தடவுவதும் ஆபத்து: பல நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொன்றுவிடக்கூடும்.