புதிதாக வார்டு கவுன்சிலர் ஆகிறவர்களுக்கு: எந்தப் புகாரை யாரிடம் கொண்டுபோவது, எதில் கையெழுத்துப் போடக் கூடாது

நகராட்சி கவுன்சிலருக்கு யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. ரோடு போடுவது, லைட் மாற்றுவது, சாக்கடை அள்ள ஆள் அனுப்புவது எல்லாமே நகராட்சிக் கமிஷனருக்குக் கீழே இருக்கும் அலுவலர்கள் வேலை. ஜெயித்த மறுநாள் காலையில் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை, ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான். எனவே உங்கள் வேலை என்னவென்றால், வருகிற புகார் யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து, முடிகிறவரை விடாமல் கேட்டு, என்ன ஆனது என்பதைப் புகார் சொன்னவரிடம் திரும்பப் போய்ச் சொல்வது. கடைசியாகச் சொன்னதைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. "முடியாதுங்க, காரணம் இது" என்று சொன்னால்கூட ஜனங்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், பதிலே வராமல் இருந்தால்தான் கோபம்.

நான் தருமபுரி நகராட்சியில் ஒரு கவுன்சிலர் அக்காவுக்கு மனு எழுதுவது, நோட்டு பார்ப்பது என்று கூடவே ஓடுகிறவன். இங்கே 33 வார்டு, கிருஷ்ணகிரி நகராட்சியிலும் 33, ஓசூர் மாநகராட்சி என்பதால் 45. எந்த ஊராக இருந்தாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் புகார் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள், நாலு பிறந்தநாள் வாழ்த்து வந்தால் சாக்கடைப் புகார் மேலே போய்விடும். நோட்டில் தேதி, பெயர், தெரு, போன் நம்பர், என்ன புகார், யாரிடம் சொன்னோம், என்ன பதில் என்று கோடு போட்டு எழுதுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் நம்பரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "பிள்ளையார் கோயில் பக்கத்துக் கம்பம்" என்று சொல்லி அனுப்பினால் லைட் போடுகிறவர் வேறு கோயிலுக்குப் போய்விட்டு வந்து "அங்க எல்லாம் எரியுதுங்க" என்பார், தப்பு அவர்மேல் இல்லை.

அடுத்தது எது யாருடையது என்பது. விளக்கு நகராட்சியுடையது, அது தொங்கும் கம்பமும் வயரும் பெரும்பாலும் மின்வாரியத்துடையது. தெருவுக்குள் இருக்கும் சிமெண்ட் ரோடு நகராட்சி, ஆனால் பென்னாகரம் ரோடு, சேலம் ரோடு மாதிரிப் பெரிய சாலைகளெல்லாம் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை, அதில் பள்ளம் விழுந்தால் நகராட்சி இன்ஜினியரிடம் கத்திப் பிரயோஜனம் இல்லை. சாதி, வருமானம், இருப்பிடச் சான்றெல்லாம் வருவாய்த்துறை, இ-சேவை மையத்தில் பதிய வேண்டும், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று போகும். ரேஷன் கார்டு வட்ட வழங்கல் அலுவலகம். பட்டா தாலுகா ஆபீஸ். ஊர் ஓரத்து வார்டு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு, தெருவின் ஒரு பக்கம் நகராட்சி, எதிர்ப்பக்கம் ஊராட்சி என்று இருக்கும். அந்த எல்லை எந்த வீட்டோடு முடிகிறது என்பதை வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், எதிர்ப்பக்கத்துக்காரர் வந்தால் விரட்டாமல் ஊராட்சி செயலரின் நம்பரைக் கொடுத்து அனுப்புங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். நம் மாவட்டத்தில் கவுன்சிலருக்கு வரும் போனில் பாதி இதற்குத்தான். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், தாங்கக்கூடிய அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை, பல ஊர்களில் போர் தண்ணீர் அதைத் தாண்டும். பழைய ஆட்கள் பலரின் பல்லில் இருக்கும் காவிக் கறையும் சிலருடைய முட்டிவலியும் அதனால் வந்திருக்கலாம். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. எனவே "தண்ணி வரலை" என்று போன் வந்தால் முதல் கேள்வி: ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா? ஒகேனக்கல் என்றால் பிரச்சினை உங்கள் தெருவிலேயே இல்லாமல் போகலாம், குடிநீர் வடிகால் வாரியத்தின் மெயின் குழாய் எங்கேயோ உடைந்திருக்கும், மேல்நிலைத் தொட்டிக்கே ஏறியிருக்காது. போர் என்றால் மோட்டார் காயில் போயிருக்கும், இல்லை மட்டம் இறங்கியிருக்கும். போர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், புழங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் மறக்காதீர்கள், புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது தெரியாது.

தொட்டி நிறைந்திருந்தும் கடைசி நாலு வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்றால், தண்ணீர் விடுகிற நேரத்துக்குப் போய் அந்தத் தெருவில் மேலிருந்து கீழாக நடந்து பாருங்கள். காலை ஐந்தரை மணிக்கு விடுவார்கள் என்றால் ஐந்தரைக்குத்தான் போக வேண்டும், பத்து மணிக்கு இன்ஜினியரை அழைத்துக்கொண்டு போனால் காய்ந்த குழாயைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். நடக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், சில காம்பவுண்டுக்குள்ளே மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். நகராட்சிக் குழாயிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள், அதனால்தான் கீழே சொட்டுகிறது. உடனே கதவைத் தட்டிச் சண்டைக்குப் போகாதீர்கள், மேல் வீடும் உங்கள் ஓட்டு, கீழ் வீடும் உங்கள் ஓட்டு. எந்தெந்த வீடு என்று பெயர் போடாமல் கதவு எண் மட்டும் எழுதி இன்ஜினியரிங் பிரிவில் கொடுத்து, நோட்டீஸ் கொடுக்கச் சொல்லுங்கள். மோட்டாரைப் பறிமுதல் செய்வது, இணைப்பைத் துண்டிப்பதெல்லாம் நகராட்சி செய்ய வேண்டியது. தண்ணீர் விடுறவரோடு மட்டும் எப்போதும் நல்ல பழக்கத்தில் இருங்கள், எந்த வால்வு எத்தனை சுற்றுத் திறந்தால் எந்தத் தெருவுக்குப் போகும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும், எந்த ஃபைலிலும் இருக்காது.

குப்பை, சாக்கடைக்குத் துப்புரவு ஆய்வாளர். பேட்டரி வண்டி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிப் புகார் போனிலேயே முடிந்துவிடும். பாதாள சாக்கடை அடைத்துக்கொண்டால் மட்டும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள்: மெஷின்தான் வர வேண்டும். "ஒரு ஆளை இறக்கிவிட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்று தெருவில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், ஆள் செத்துப்போகும் வேலை அது, நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினால் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. நாய்த் தொல்லைப் புகாருக்குச் சுருக்கமான பதில், கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பொதுவாகப் பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவதுதான் விதி, அதற்கான மனுவை வாங்கிச் சுகாதாரப் பிரிவில் கொடுங்கள், கடிபட்டவரை உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

மன்றக் கூட்டம். அஜெண்டா முன்னாலேயே கைக்கு வரும், அதை டீ கிளாஸுக்கு அடியில் வைக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொரு பொருளிலும் எந்த வார்டு, எந்தத் தெரு, எவ்வளவு மதிப்பீடு, எந்த நிதியிலிருந்து என்று இருக்கும். உங்கள் வார்டுப் பெயர் வரும் இடத்தையெல்லாம் வட்டம் போடுங்கள். போன வருஷம்தான் போட்ட தெருவுக்கு மறுபடி ரோடு என்று வந்திருக்கிறதா, தெருப் பெயர் வார்டு மாறி வந்திருக்கிறதா என்று பாருங்கள். கூட்டத்தில் "என் வார்டுக்கு ஒண்ணுமே செய்யலை" என்று பொதுவாகக் குரல் கொடுத்தால் பத்திரிகையில் ஒரு வரி வரும், வேலை நடக்காது. "பொருள் எண் இத்தனை, இந்தத் தெரு, என்னுடைய மனு இந்தத் தேதியில் கொடுத்தது, ஏன் சேரவில்லை" என்று கேட்டால் கமிஷனர் ஃபைலைத் திறந்துதான் ஆக வேண்டும். ஒரு தீர்மானம் பிடிக்கவில்லை என்றால் வெளிநடப்பைவிட எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லி எழுதிக் கொடுப்பது மேல், ஏனென்றால் மற்றவர்கள் "ஆல் பாஸ்" சொல்லிவிட்டு வடை சாப்பிடப் போய்விடுவார்கள், நீங்கள் வாயில் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது. தொடர்ந்து கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் பதவி போகும். நகராட்சி கான்ட்ராக்டில் உங்களுக்குப் பங்கு இருந்தாலும் போகும், மச்சான் பெயரில் எடுக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்களைத் தூர வையுங்கள்.

உங்கள் கையெழுத்துக்கு நேரடி மதிப்பு உள்ள ஒரு இடம் இருக்கிறது, ஆதார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் முகவரி மாற்ற, வேறு ஆவணம் இல்லையென்றால், ஆதார் ஆணையத்தின் சான்றுப் படிவத்தில் நகராட்சி கவுன்சிலர் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்கள், தேதியிலிருந்து 3 மாதம் செல்லும். இதனால்தான் உங்களிடம் வெற்றுப் படிவத்தைக் கட்டாகக் கொண்டுவந்து "எல்லாத்துலயும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க, நாங்க நிரப்பிக்கறோம்" என்பார்கள். போடாதீர்கள். ஆள் எதிரில் இருக்க வேண்டும், அந்த வீட்டில்தான் இருக்கிறாரா என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், போட்டோ ஒட்டிய பிறகு கையெழுத்தும் சீலும் பாதி போட்டோமேல், பாதி தாள்மேல் விழ வேண்டும், அப்புறம் படிவத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சீலை வீட்டு டிவி மேல் வைக்காதீர்கள். நம் பக்கத்து ஜனங்கள் பாதிப் பேர் பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போயிருக்கிறார்கள், பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும்தான் ஊருக்கு வருவார்கள். அந்த நாட்களில் நீங்கள் டூர் போகாமல் வீட்டில் இருந்தால் ஆதார், வாக்காளர் பட்டியல் வேலையெல்லாம் ஒரே மூச்சில் முடியும்.

பிறப்பு, இறப்புப் பதிவில் எல்லோரும் குழம்புவது ஒன்று: சம்பவம் நடந்த இடத்தில்தான் பதிவு, குடியிருக்கும் இடத்தில் இல்லை. குழந்தை சேலத்தில் பிறந்தால் சேலத்தில்தான். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, குழந்தை பெயரை ஒரு வருஷத்துக்குள் சேர்த்தாலும் இலவசம். சொத்துவரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் அந்த அரையாண்டுக்கு 5 சதவீதம் குறையும். வரியைக் குறைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் இதைச் சொல்லி அனுப்பலாம், அதற்கு மேல் உங்களால் ஆகாது.

நல்லது கெட்டதுக்குப் போவதும் வேலைதான். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும். நகராட்சி கவுன்சிலருக்கு 2023 ஜூலையிலிருந்து மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், ஒரு வைகாசி மாத முகூர்த்தத்து மொய்க்கே அது காணாது. எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள், சொந்தக்காரர், கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர் யாராக இருந்தாலும். சாவு வீட்டுக்கு மட்டும் அன்றைக்கே போய்விட வேண்டும். மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்று போன் பார்க்காமல், ஃபிரீசர் பாக்ஸ் வந்துவிட்டதா, எரிவாயு தகன மேடையில் நேரம் சொல்லியாகிவிட்டதா, வீட்டில் இறந்தவர் என்றால் பதிவுக்கு யார் போவார்கள் என்று கேளுங்கள். அழுதுகொண்டிருப்பவர்களிடம் கேட்க வேண்டாம், பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் பைக் சாவியோடு நிற்பான், அவனிடம் கேளுங்கள்.

கிராமசபை மாதிரி நகரத்துக்கும் பகுதி சபை உண்டு, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதன்முதலாக நடத்தினார்கள். இதைச் சடங்காக நடத்தி போட்டோ எடுத்துவிட்டுப் போகிற வார்டுகள்தான் அதிகம், எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் ஜனங்கள் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தால் அது மன்றத்தில் உங்களுக்குப் பெரிய பலம். நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் ஆள் வராது, ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் சொல்லி வையுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் நிறைய, அந்தத் தெருவிலேயே அந்த பாஷை பேசும் ஒருவரை அழைத்துக்கொண்டு போய் வாசலில் சொல்லுங்கள்.

பெண் கவுன்சிலர்களுக்குத் தனியாக ஒன்று. 2016-ல் சட்டம் திருத்தி பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனது, ஆனால் பல வார்டில் போனை எடுப்பது வீட்டுக்காரர்தான். போன் உங்கள் கையில் இருக்கட்டும். நோட்டை நான் எழுதினாலும் அக்காதான் கூட்டத்தில் பேசுவார், அக்காதான் இன்ஜினியரைக் கூப்பிடுவார். முதல் மாதம் அலுவலர்கள் "சார் இல்லீங்களா" என்று கேட்பார்கள், இரண்டு முறை பதில் சொல்லாமல் வேலையைப் பற்றி மட்டும் பேசினால் அப்புறம் கேட்க மாட்டார்கள்.

நகராட்சியில் கொடுத்து நகராத மனுவுக்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் இருக்கிறது, ஒரு தாளில் ஒரே விஷயம் எழுதி, ரசீது எண்ணை வாங்கி நோட்டில் ஏற்றுங்கள். முதல்வர் உதவி எண் 1100-ஐ புகார்காரரையே அழைக்கச் சொல்லலாம். ராத்திரியில் வரும் போன்களில் பெரும்பாலானவை காலையில் பார்த்துக்கொள்ளக்கூடியவை, வயர் அறுந்து தெருவில் கிடக்கிறது என்பது மட்டும் அப்படியில்லை. யாரும் பக்கத்தில் போகாமல் நாலு பேரை நிறுத்தச் சொல்லிவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு நீங்களே அடியுங்கள், லைன்மேன் வந்து கரண்ட்டை நிறுத்தியது தெரிந்த பிறகு தூங்கப் போகலாம்.